இரண்டு விசிலுக்குத் தண்ணீர்

குணசேகரன் என்ற மனிதரை நான் முதன்முதலில் சந்தித்தபோது என் வலது காலில் மட்டும்தான் ஷூ இருந்தது. இடது கால் ஷூ திருத்தணிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய பங்குனி. சென்னையில் எனக்குப் பட்டமளிப்பு விழா. எங்கள் வம்சத்தில் எத்தனை தலைமுறை பின்னால் போய்த் தேடினாலும் பட்டம் வாங்கப் புறப்பட்ட முதல் ஆள் நான்தான். முதல் பட்டதாரி என்று அரசாங்க முத்திரை குத்திய சான்றிதழே வைத்திருக்கிறேன், சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம். கத்தி போல மடிப்பு வைத்து இஸ்திரி போட்ட சட்டையும் புது ஷூவுமாகக் கே.ஜி.கண்டிகை நிறுத்தத்தில் விடிந்ததுமே போய் நின்றுவிட்டேன். ஷூ ஒரு சைஸ் பெரியது. இருபத்தோரு வயசுக்கு மேலும் பிள்ளைக்குக் கால் வளரும் என்பது என் அப்பாவின் நம்பிக்கை.

பஸ் வந்தது. கூடைக்காரப் பெண்கள் முதலில் ஏறினார்கள். கடைசியாக நான் இடது காலைப் படியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னாலிருந்து இரண்டு விசில் கேட்டது. பஸ் கிளம்பிவிட்டது. கால் தரைக்குத் திரும்பி வந்தது, ஷூ வரவில்லை. "எவன்டா அது விசில் அடிச்சது?" என்று உள்ளேயிருந்து கண்டக்டர் கத்தியது தேய்ந்துகொண்டே போனது.

திரும்பிப் பார்த்தேன். ரோட்டோர வேலிக்கு மேலே ஒரு தலை எழுந்தது. தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, வாயில் விசில்.

"இன்னா தம்பி, ஏறலையா?"

"ஏறிக்கினுதாங்க இருந்தேன். யாரோ விசில் அடிச்சிட்டாங்க."

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்து லுங்கியில் துடைத்தார். "அது வண்டிக்கு இல்ல தம்பி, தண்ணிக்கு."

தோட்டத்துக்குள் எங்கேயோ மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் துள்ளிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவர் கண் என் காலுக்குப் போனது.

"அய்யய்யோ, ஒத்தக் கால்ல நிக்கிறியேப்பா!" என்றவர் ஒரே ஒரு விசில் அடித்தார். மோட்டார் நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பி, தகரத்தில் ஆணி கீறுவதைப் போன்ற குரலில், "அனுராதா! டவுனுக்குப் போயிட்டு வரேன்! ஒரு காலு போயிடுச்சி!" என்றார்.

தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது. "யாரோட காலுங்க?"

அதற்குள் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். மண்வெட்டியையும் மறந்துபோய் எடுத்து வந்துவிட்டதால் அதை நான் பட்டதாரித் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தேன். எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், எதற்கென்று இன்றுவரை தெரியாது.

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சேட்டு என் ஷூவைக் கோப்பை மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, மறுபடியும் நீதானா? போன வாரம் ஒரு கெயவியோட கோழிக்கூடை. இன்னிக்கி ஷூவா?"

"அந்தக் கோழி வந்து சேர்ந்துதுல்ல? அப்பறம் இன்னாடா?" என்றார் குணசேகரன்.

சாயங்காலம் பட்டத்தோடு திரும்பி வந்தபோது நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். கை ஈரம் என்று காகிதத்தைத் தொடவில்லை. என்னையே விரித்துப் பிடிக்கச் சொல்லி, மேலிருந்து கீழ்வரை வாயசைத்துப் படித்தார். "எழிலன். நல்ல பேருதான்" என்றார். பிறகு தோட்டத்துக்குள் போய் ஒரு வாழைக்கன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து கொடுத்தார். "பட்டம் செவுத்துல மாட்டிக்கினு சும்மா இருக்கும். இது கொலை தள்ளும்."

அன்றைக்குப் பிடித்த சிநேகம். நான் அவரைப் பெரிப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை ஊருக்கு அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "பட்டம் வாங்கப் போன அன்னிக்கி நம்ம விசிலுக்கு ஒத்த ஷூவோட நின்னவன்" என்பார். அதிலும் பட்டம் என்ற சொல் முதலில் வந்துவிடுவதால் நான் ஆட்சேபிக்கவில்லை.

அவர் முப்பது வருடத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர். திருத்தணியைச் சுற்றி அவர் டிக்கெட் கிழிக்காத ரோடு கிடையாது. டிக்கெட் டிக்கெட் என்று கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். மாலை வாடியது. விசில் மட்டும் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

தோட்டம் பெரிம்மா அனுராதாவுக்கு அவருடைய நைனா எழுதி வைத்தது. முப்பது சென்ட். அகலமில்லாமல் நீளமாக, ஒரு பஸ்ஸைப் போலவே கிடக்கும். ஒரு கோடியில் வீடு, மறு கோடியில் ரோடு, நடுவில் கிணறு. மோட்டார் சுவிட்ச் சமையல்கட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில். பெரிப்பா ரோட்டோரம் நின்று மடை திருப்புவார். மோட்டார் உறுமும்போது அந்தத் தொண்டையால் கூப்பிட்டால் பெரிம்மாவுக்குக் கேட்காது. போனில் சொல்லலாம் என்றால் அவருடைய போன் இரண்டு முறை வாய்க்காலில் நீச்சல் பழகிவிட்டது. அதனால் விசில். இரண்டு அடித்தால் தண்ணீர் விடு, ஒன்று அடித்தால் நிறுத்து. பஸ்ஸில் எப்படியோ அப்படியே.

விசில் மட்டுமல்ல, மொத்தத் தோட்டத்தையும் அவர் ரூட் பஸ்ஸாகத்தான் ஓட்டினார். பாத்திகளுக்கு ஊர்ப் பெயர். கத்தரிப் பாத்தி திருவாலங்காடு, வெண்டைப் பாத்தி அரக்கோணம், கொத்தவரை அம்மையார்குப்பம். "திருவாலங்காடு எறங்கியாச்சா?" என்று கேட்டால் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ந்துவிட்டதா என்று அர்த்தம். களை என்றால் டிக்கெட் இல்லாத ஆசாமி. பிடுங்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு உண்டு. "ஏறி உக்காந்துகினு தூங்கற மாதிரி நடிக்கிறியா? எறங்கு!" ஒரு குழியில் மூன்று நாற்று முளைத்திருந்தால், "ரெண்டு பேர் சீட்டுப்பா இது" என்று ஒல்லியான நாற்றைக் கிள்ளிவிடுவார்.

திருவள்ளூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கால் தானாகக் கண்டிகைக்கு இழுக்கும். மண்வெட்டி எனக்குப் புதிதல்ல. அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தே என்னைப் படிக்க வைத்த வீடு எங்களுடையது. ஆனால் சிரித்துக்கொண்டே களை பறிக்கலாம் என்பதை இந்தத் தோட்டத்தில்தான் பார்த்தேன்.

ஒரே ஒரு தொந்தரவு. இவர் விசிலுக்கு பஸ் கிளம்பியது போலவே, பஸ் விசிலுக்கு இவர் மோட்டாரும் ஓடியது. நிறுத்தத்தில் சேட்டு இரண்டு விசில் கொடுத்தால் போதும், அடுப்படியில் நிற்கும் பெரிம்மாவின் கை சுவிட்சுக்குப் போய்விடும். "யோசிச்சி போடறதில்லப்பா. காதுல விழுந்தா கை தானா போவுது" என்பார்.

சேட்டு ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து சமாதானம் பேசினார். "அண்ணே, நீ மூணு விசில் வெச்சிக்க. எங்களுக்கும் நிம்மதி, அண்ணிக்கும் நிம்மதி."

பெரிப்பா மூன்று அடித்துப் பார்த்தார். முதல் இரண்டுக்கு மோட்டார் ஓடியது. மூன்றாவதுக்கு நின்றது.

"கரெக்டாதானே பண்றேன்?" என்றார் பெரிம்மா ஜன்னலிலிருந்து.

அதோடு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சேட்டு வண்டி வரும் நேரத்தில் யாரும் தண்ணீர் கட்டக் கூடாது என்று மட்டும் முடிவானது.

இந்த வருடம் தை மாதத்தில் அவருடைய ஒரே மகள் கவிப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு அம்மையார்குப்பம், நான்கு விசைத்தறி ஓடுகிற வீடு. சம்பந்தி பரந்தாமன் வாட்டசாட்டமான ஆள், கேலி பேசுவதென்றால் சாப்பாடு வேண்டாம். வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சம்பந்திக்குத் தோட்டம்லாம் இருக்குதுன்னாங்க. இதுதானா? நான் எதோ செடி தொட்டியாட்டம் இருக்குதேன்னு பார்த்தேன்."

கூட்டம் சிரித்தது. பெரிப்பாவின் காது சிவந்தது. பெரிம்மா அவர் முழங்கையைக் கிள்ளினார், ஆனால் பிரேக் பிடிக்கவில்லை.

"பங்குனியில கல்யாணம். முகூர்த்த சாப்பாட்டுக்கு ஒரு காய்கூட வெளியில வாங்க மாட்டேன். எல்லாம் இந்தத் தொட்டியிலேர்ந்துதான் வரும்."

"வாங்கினா?"

பெரிப்பா பையிலிருந்து விசிலை எடுத்தார். "இத்தை உங்க கையில குடுத்துடறேன். அப்பறம் இந்த ஜென்மத்துல என் வாயில வெக்க மாட்டேன்."

பரந்தாமன் கையை நீட்டினார், இவர் அதில் அடித்துச் சத்தியம் செய்தார். வெங்காயம், இஞ்சி, பூண்டு எல்லாம் மளிகையில் சேர்த்தியா காயில் சேர்த்தியா என்று அதற்கப்புறம் நெடுநேரம் வாதம் நடந்தது. தாம்பூலம் மாற்றுவதையே மறந்துவிட்டார்கள். மளிகை என்று தீர்ப்பானது.

எல்லாரும் போன பிறகு பெரிப்பா விசிலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் வைக்கும் இடத்தில் முலாம் போய்ப் பித்தளை தெரியும். "இன்னா எழிலா, வெளஞ்சிடும்ல?" என்றார். வேலையில் சேர்ந்த முதல் நாளில் வாங்கிய விசில் அது. மகளின் கல்யாணத்துக்கு அடுத்தபடி அவருக்கு இப்போது அதுதான் கவலை.

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்தத் தோட்டத்தை! மறுநாளே கத்தரி நாற்று இறங்கியது. வெண்டையும் கொத்தவரையும் விதைத்தோம். புடலைக்கும் பீர்க்கனுக்கும் பந்தல் பிரித்துக் கட்டினோம். மாசி பிறந்ததும் கொடிகள் பந்தலில் ஏறி, பஸ் கூரையில் உட்கார்ந்த திருவிழாக் கூட்டம் மாதிரி நாலாபக்கமும் தலையை நீட்டின. கத்தரி இலையில் பூச்சி வந்ததும் பெரிம்மா விடியலில் பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு, திருநீறு பூசிய செடிகளைப் பார்த்து, "அரோகரா" என்று கும்பிட்டார். புடலம்பிஞ்சு சுருட்டிக்கொள்ளாமல் நேராக நீள வேண்டுமானால் நுனியில் கல் கட்டித் தொங்கவிட வேண்டும். பெரிப்பா கல்லுக்குப் பதிலாகப் பணிமனையிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய போல்ட்டுகளைக் கட்டினார். காற்றடித்தால் பந்தல் முழுக்க டிங் டிங் என்று சத்தம். "பஸ்ஸே காய்க்கும் போலருக்குது" என்றார் சேட்டு, பஸ் ஜன்னலிலிருந்து.

முருங்கை பூத்துக் கொட்டியது. மாமரம் பிஞ்சும் குலையுமாக நின்றது. கவிப்பிரியா தினமும் போனில் பாத்தி பாத்தியாகப் படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்புவாள். அவர் அதை அவருடைய அப்பாவுக்குக் காட்டுவார். பரந்தாமனிடமிருந்து பதில் வரும்: "வெண்டக்கா நல்லாதான் இருக்குது. விசிலைக் கழுவி வெக்கச் சொல்லு."

ஆபத்து பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. உத்திரம் கழிந்து அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். பத்திரிகை ஒன்றை மலைமேல் முருகன் காலடியில் வைத்துவிட்டு வரலாம் என்று பெரிப்பாவும் நானும் மொபெட்டில் போயிருந்தோம். கண்டிகை நிறுத்தத்திலோ அன்றைக்கு ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் கிளம்ப. பெரிம்மா கல்யாண முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். மனசு முறுக்கில், காது ரோட்டில், கை சுவிட்சில்.

நாங்கள் திரும்பியபோது தோட்டம் முழுக்கக் கருகிய வாடை. போட்டுப் போட்டு நிறுத்தியதில் மோட்டாருக்குள் கம்பிச்சுருள் எரிந்துபோயிருந்தது.

மாவு ஒட்டிய கையோடு பெரிம்மா நின்றார். "நீங்க இல்லன்னு எனக்குத் தெரியுங்க. இந்தக் கைக்குத் தெரியலியே!"

பெரிப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மோட்டாரைப் பார்த்தார், பெரிம்மாவைப் பார்த்தார். "எத்தினி வண்டிக்குப் போட்டே?"

"எல்லா வண்டிக்கும்."

"ஒண்ணுகூட உடல?"

"ஒண்ணுகூட உடல."

"நீ கண்டக்டரா போயிருக்கணும்டி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் அவர் பார்வை பாத்திகளுக்குப் போனது. பங்குனி வெயில். காய் முற்றுகிற நேரத்தில் ஒருநாள் தண்ணீர் இல்லையென்றால் வெண்டை நாராகிவிடும், கொத்தவரை வாடிவிடும். கம்பிச்சுருள் கட்டுகிற கடையில் திருவிழா முடிந்துதான் மோட்டார் கிடைக்கும் என்றார்கள். வாளியால் இறைத்து நானும் அவரும் முக்கால் பாத்திக்கு மேல் நகரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தார். "பரந்தாமன் கையிக்குப் போறதுக்கு விசில் இப்பவே கெளம்பிடுச்சி" என்றார்.

அப்போது வேலிக்கு வெளியே அரோகரா சத்தம் கேட்டது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வரும் காவடிக் கூட்டம். மஞ்சள் வேட்டி, வெயிலில் வதங்கிய முகங்கள். முன்னால் வந்தவர் கிணற்றைப் பார்த்துவிட்டு, குளித்துவிட்டுப் போகலாமா என்று தெலுங்கில் கேட்டார்.

பெரிப்பா தலையை மெதுவாகத் தூக்கினார். கிணற்றையொட்டிய சிமெண்டுத் தொட்டியைப் பார்த்தார். தொட்டி நிரம்பினால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் பாத்திக்குப் போகும். அவர் இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து நின்று விசிலை எடுத்து இரண்டு அடித்தார்.

"ரண்டி நைனா, ரண்டி! எல்லாரும் வாங்க! உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!"

கூட்டம் வேலிப் படலைத் தாண்டி வந்தது. கிணற்றில் எங்கள் வாளி ஒன்றுதான். சேட்டு வண்டி வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நடையில் திருத்தணி டீக்கடையிலிருந்து நான்கு வாளியும் கயிறும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஆளுக்கு ஐந்து வாளி இறைத்துத் தொட்டி மேடையில் நின்று தலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்பது பெரிப்பாவின் சட்டம். ஒரு விசிலுக்கு அடுத்த ஆள். யாராவது சோப்பை எடுத்தால் பாய்ந்து போவார். "சோப்பு வத்து நைனா! சோப்பு வேணாம்! செடி செத்துடும்!" சோப்பு போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு மாமாவை வாழைக்குப் பக்கத்தில் தனியாக நிறுத்தினார். அவருக்கு மட்டும் அது லக்கேஜ் சீட்டு.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது, ஐயா! அரோகரா அரோகரா என்று அவர்கள் ஊற்ற ஊற்ற, நான் மண்வெட்டியோடு ஓடி ஓடி மடை திருப்பினேன். "பெரிப்பா, திருவாலங்காடு எறங்கியாச்சி!" "ஆங், அரக்கோணம் திருப்பு!" பக்தர்கள் நாங்கள் பஸ் ஏற்பாடு செய்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். ஈரத் தலையோடு ஒரு பாட்டி வந்து, "நாயனா, அரக்கோணம் போற வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டார். நான் வெண்டைப் பாத்தியைக் காட்டிவிட்டேன். அவரும் அங்கே போய்ச் சற்று நேரம் நின்றார்.

உத்திரம் முடியும்வரை இதே கதை. போகிற கூட்டம் குளித்தது, திரும்பி வருகிற கூட்டமும் வழி கேள்விப்பட்டு வந்து குளித்தது. பெரிம்மா குளித்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தார். சுவிட்ச் பக்கமே போகவில்லை. மோட்டார் திரும்பி வந்தபோது தோட்டம் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அவ்வளவு பச்சை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பறித்தோம். கத்தரிக்காய் கண்ணாடி மாதிரி. முருங்கைக்காய் கட்டுக்கட்டாக. புடலங்காய் என் தோள் உயரம் இருந்தது. அவசரத்தில் சிலவற்றில் போல்ட்டைக் கழற்றாமலே கட்டிவிட்டோம். எல்லாவற்றையும் சேட்டு வண்டியின் பின்சீட்டில் வைத்து மலையடிவாரத்து மண்டபத்துக்குக் கொண்டு போனோம். பெரிப்பா தன் காய்களுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்தார், இல்லாவிட்டால் வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். சமையல்காரர் ஆனந்தன் மூட்டைகளைப் பிரித்தவர், "இன்னாண்ணே, புடலங்காயில நட்டு போல்ட்டுலாம் இருக்குது? இத்தை எப்டி வேக வெக்கிறது?" என்றார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்தது. பந்தி தொடங்கியது. முருங்கைக்காய் கத்தரிக்காய் சாம்பார், புடலங்காய் கூட்டு, கொத்தவரை பொரியல், வாழைக்காய் வறுவல், வெண்டைக்காய் மோர்க்குழம்பு, மாங்காய் ஊறுகாய். பெரிப்பா பட்டு வேட்டியில் பந்திக்கு நடுவே செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி நடந்தார். பரந்தாமன் முதல் வரிசையில் சாப்பிட உட்கார்ந்தவர், கூட்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பெரிப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கண்ணடித்த கண் அப்படியே நின்றது. எதிர் வரிசையில் இலை ஓரமாக ஏதோ சிவப்பாக வைத்துக்கொண்டே வந்தார்கள். கேரட் கோசுமல்லி.

சமையல்கட்டுக்கு ஓடினோம். ஆனந்தன் பெருமையாகச் சொன்னார். "நான்தான்ணே வர்ற வழியில வாங்கினு வந்தேன். இலை ஓரத்துல கொஞ்சம் செவப்பு இல்லன்னா பொண்ணு பொட்டு வெக்காத மாதிரி இருக்கும்ல?"

சேட்டு சீருடையிலேயே விருந்துக்கு வந்திருந்தார். நிலைமை புரிந்ததும், "அண்ணே, இன்னும் சம்பந்தி வரிசைக்குப் போவல. மீதியை நானும் எழிலனும் தின்னுட்டா முடிஞ்சிது" என்றார். சொல்லும்போதே ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன், பட்டம் வாங்கியவன் என்ற நினைப்பே இல்லாமல்.

பெரிப்பா மட்டும் அசையவில்லை. விசில் இருந்த சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "டிக்கெட் இல்லாதவன் எத்தினி பேரை நடு ரோட்டுல எறக்கி உட்டிருப்பேன்டா சேட்டு. இன்னிக்கி நானே டிக்கெட் இல்லாம போவவா?"

நேராகப் பரந்தாமனிடம் போனார். கேரட் ஒரு கையில், விசில் ஒரு கையில். "சம்பந்தி, இது ஒண்ணு நம்ம தோட்டத்துது இல்ல. இந்தாங்க."

பரந்தாமன் எச்சில் கையை நக்கிவிட்டு இடது கையை நீட்டப் போனவர், சட்டென்று நிறுத்தி, எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து வலது கையில் வாங்கினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டமே சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அவர் விசிலைப் பட்டுத் துண்டில் துடைத்து வாயில் வைத்து ஒன்று அடித்தார்.

மண்டபத்து மின்விசிறிகள் எல்லாம் நின்றன. விளக்குகள் அணைந்தன.

"கரண்டு போச்சிப்பா!" என்று யாரோ கத்தினார்கள். கரண்டு போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்து சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், பட்டுப்புடவையில், மணப்பெண்ணின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கை பலகையின் மேல். கண்ணில் திருதிரு முழி.

பரந்தாமனுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி அடித்தார், இந்த முறை இரண்டு. விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுற்றின. அவர் கண்கள் பெரிதாயின. ஒன்று அடித்தார், அணைந்தது. இரண்டு அடித்தார், எரிந்தது.

"ஏங்க சம்பந்தி, போதுங்க!" என்று பெரிம்மா கெஞ்சினார். "எனக்கு இன்னும் பாயசம் ஊத்தணும்!"

மண்டபமே உருண்டு புரண்டு சிரித்தது. கவிப்பிரியா மாலையோடு மேடையிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் சிரிப்பில் கண்மை கலைந்துவிட்டது. பரந்தாமன் விசிலோடு குழந்தை மாதிரி நின்றார். "நாலு தறி ஓட்றேன், நாப்பது வாட்டி கூப்புட்டாலும் ஒருத்தனும் வர மாட்டான். இது இன்னாங்க, ஊதுனா வெளக்கே அணையுது!"

திருப்பித் தருவார் என்று எல்லாரும் நினைத்தோம். தரவில்லை. பெரிப்பாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பேச்சு பேச்சுதான் என்று பெரிப்பா சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கண்டிகைக்குப் போனபோது, தோட்டத்து வரப்பில் பரந்தாமன் நின்றிருந்தார். வேட்டி மடித்துக் கட்டி, வாயில் விசில். மகன் மருமகளைப் பார்க்க வந்தேன் என்றார். அவர்கள் இருவரும் அம்மையார்குப்பத்தில் அவர் வீட்டிலேயே இருந்தார்கள்.

"என் வாயில வெக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? அவரு வாயில வெக்கறதுக்கு இன்னா?" என்றார் பெரிப்பா மடைக்குக் குனிந்தபடியே. "சம்பந்தி, அரக்கோணம் எறங்கியாச்சி. நிறுத்துங்க."

பரந்தாமன் மார்பு விரிய மூச்சிழுத்து ஒன்று அடித்தார். மோட்டார் நின்றது. நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸும், கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்து, நின்றது.

குணசேகரன் இப்போதும் கே.ஜி.கண்டிகையில் அதே முப்பது சென்ட்டில் இருக்கிறார். வார நாட்களில் மண்வெட்டியின் மேல் ஒரு பழைய போல்ட்டால் தட்டிச் சத்தம் கொடுக்கிறார், அனுராதா அதற்கும் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பரந்தாமன் வந்து விசில் அடிக்கிறார். இந்த மாதம் கேரட் விதைத்திருக்கிறார்கள். இந்த வெயிலில் அது வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள், பெரிப்பாவுக்கும் தெரியும்.